புதுசா ஒண்ணும் நிரூபிக்கல, நல்லா எழுதியிருக்கேன், எங்க அனுப்புறது?

கணிதத்துல ஒரு விஷயத்தை ரொம்ப நாளா படிச்சு, அடிச்சு திருத்தி, கடைசியா ஒரு இருபது பக்கத்துக்கு சுத்தமா எழுதி வச்சிருக்கீங்க. அதுல புது தியரம் ஒண்ணு கூட கிடையாது, எல்லாமே யாரோ எப்பவோ நிரூபிச்சது தான். ஆனா இந்த வரிசையில, இந்த உதாரணத்தோட, இவ்ளோ தெளிவா வேற எங்கயும் இல்லன்னு உங்களுக்கே தெரியும். இதை எங்க அனுப்புறது?

இந்த கேள்வியை அடிக்கடி யாராவது கேக்கறாங்க. பதில் ரெண்டே ரெண்டு தான் புழக்கத்துல இருக்கு. ஒண்ணு "ஆர்கைவ்ல போட்டுட்டு வேலையைப் பாரு". இன்னொண்ணு "மந்த்லிக்கு அனுப்பிப் பாரு". ஆர்கைவ்ங்கறது கட்டுரையை ஏத்தி வைக்கற இணையதளம், மந்த்லிங்கறது அமெரிக்காவுல வர்ற ஒரு கணிதப் பத்திரிகை. ரெண்டுமே தப்பில்ல, ஆனா ரெண்டுமே எழுதி முடிச்சப்புறம் சொல்ற பதில். என் கட்சி என்னன்னா, முதல் டிராஃப்ட் முடிஞ்ச உடனே, ரெண்டாவது டிராஃப்ட் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி எந்த பத்திரிகைக்குன்னு முடிவு பண்ணிடணும். ரிசர்ச் பேப்பர்ல தியரம் தான் ராஜா, எந்த ஜர்னல்ல வந்தாலும் தியரம் அதே தியரம். எக்ஸ்பொசிஷன்ல, அதாவது ஏற்கனவே தெரிஞ்சதை விளக்கி எழுதறதுல, அப்படி இல்ல, படிக்கறவர் யாருன்னு மாறினா கட்டுரையே மாறிடும்.

எப்படின்னு ஒரு உதாரணம் சொல்றேன், எனக்கு ரொம்ப பிடிச்சது. 4 ஆல வகுத்தா மீதி 1 வர்ற எந்த பகா எண்ணையும் ரெண்டு வர்க்கங்களோட கூட்டலா எழுதலாம். 5, 13, 17, 29 எல்லாம் அந்த ரகம். ஃபெர்மா சொன்னது, ஆய்லர் நிரூபிச்சது, அதுக்கப்புறம் எத்தனையோ நிரூபணம் வந்தாச்சு. 1984ல ஹீத்-ப்ரௌன் இதுக்கு ஒரு புது மாதிரி நிரூபணம் போட்டாரு, எங்க தெரியுமா? இன்வேரியன்ட்னு ஆக்ஸ்ஃபோர்ட் மாணவர்களோட கணித சங்கம் நடத்துற பத்திரிகையில. மூணு பக்கம். 1990ல டான் ஸாகியர் அதையே இறுக்கிப் பிழிஞ்சு ஒரே ஒரு வாக்கியமா மந்த்லில போட்டாரு, முழுசா ஒரு பக்கம் தான். அந்த ஒரு வாக்கியம் உலகம் பூரா பிரபலம் ஆயிடுச்சு, ஆனா படிக்கறவங்க முக்கால்வாசி பேர் வரிவரியா சரி பாத்துட்டு "சரி, சரியா தான் இருக்கு, ஆனா இது எங்கேர்ந்து வந்துச்சு?"ன்னு முழிச்சாங்க. அப்புறம் வந்துச்சு காத்தாடி படம்.

13ஐ எடுத்துக்கோங்க. நடுவுல ஒரு சதுரம், அதைச் சுத்தி ஒரே அளவுல நாலு செவ்வகம், மொத்தப் பரப்பு 13 கட்டம் வரணும். மூணே வழி தான் இருக்கு. முதல் படம், 1×1 சதுரத்துலேர்ந்து 1×3 பட்டை நாலு பக்கமும் நேரா வெளிய நீட்டிக்கிட்டு இருக்கும், பிளஸ் குறி. ரெண்டாவது, அதே 1×1 சதுரத்தைச் சுத்தி அதே பட்டைங்க பக்கவாட்டுல படுத்திருக்கும், சுத்துற காத்தாடி. மூணாவது, 3×3 சதுரம், ஒவ்வொரு பக்கத்துலயும் ஓரமா ஒத்தைக் கட்டம். இப்ப ரெண்டாவதையும் மூணாவதையும் உள் கோடெல்லாம் அழிச்சிட்டு வெளி ஓரம் மட்டும் வரைஞ்சு பாருங்க, ரெண்டும் ஒரே உருவம்! அதனால அது ரெண்டும் ஒரு ஜோடி. பிளஸ் குறிக்கு ஜோடி கிடையாது. ஜோடி போக ஒண்ணு மிச்சம்னா மொத்தம் ஒற்றைப்படை. இப்ப வேற மாதிரி ஜோடி சேருங்க, செவ்வகத்தோட நீளத்தையும் அகலத்தையும் மாத்திப் போடுங்க. மொத்தம் ஒற்றைப்படைங்கறதால இந்த ஆட்டத்துலயும் யாரோ ஒருத்தர் தனியா நின்னே ஆகணும், மாத்திப் போட்டும் மாறாம நிக்கணும்னா அந்த செவ்வகம் சதுரமா தான் இருக்க முடியும். நாலு சின்ன சதுரத்தைச் சேத்து வச்சா ஒரு பெரிய சதுரம். முடிஞ்சுது, 13 = 9 + 4. மீதி 1 வர்ற எந்த பகா எண்ணுக்கும் இதே வாதம் தான், பகா எண்ணுங்கறது பிளஸ் குறி மட்டும் தான் தனியா நிக்கும்னு காட்டற இடத்துல உதவுது.

கணக்கு ஒண்ணு தான், ஆனா மூணு வேற எழுத்து. மாணவர் பத்திரிகைக்கு ஹீத்-ப்ரௌன் எழுதினதும், தொழில்முறை கணித ஆளுங்க புருவத்தை உயர்த்தணும்னு ஸாகியர் எழுதின ஒத்தை வாக்கியமும், பென்சிலும் கட்டம் போட்ட தாளும் வச்சிருக்கற யாருக்கும் புரியற காத்தாடியும் ஒரே கட்டுரைக்குள்ள இருக்க முடியாது. மூணையும் ஒண்ணா திணிச்சு ஒரு கட்டுரை எழுதினா அதை எந்த எடிட்டருக்கும் என்ன பண்றதுன்னே தெரியாது, நிறைய எக்ஸ்பொசிஷன் ரிஜெக்ட் ஆகறது இதனால தான்னு நான் நெனைக்கறேன்.

சரி, இடங்களுக்கு வருவோம். அமெரிக்கன் மேத்தமேட்டிகல் மந்த்லி 1894ல பெஞ்சமின் ஃபிங்கல்ங்கறவர் ஆரம்பிச்சது, இப்ப மேத்தமேட்டிகல் அசோசியேஷன் ஆஃப் அமெரிக்கா (எம்ஏஏ) சங்கத்தோடது, 2018லேர்ந்து டெய்லர் அண்ட் ஃப்ரான்சிஸ் அச்சடிக்குது. ஆசிரியர்களுக்கான குறிப்புலயே தெளிவா சொல்லிடறாங்க, புதுமையும் பொதுமைப்படுத்தலும் அவ்ளோ முக்கியம் இல்ல, தெளிவும் பரவலான ஈர்ப்பும் தான் முக்கியம்னு. ரெண்டாவது பாதியை நிறைய பேர் கவனிக்கறது இல்ல. தெளிவா இருந்தா மட்டும் போதாது, டோபாலஜி பண்றவரும் ப்ராபபிலிட்டி பண்றவரும் ரெண்டு பேருமே நின்னு படிக்கணும். உங்க சப்ஜெக்ட்ல இருக்கற பத்து பேருக்கு மட்டும் இனிக்கற விஷயம் எவ்ளோ தெளிவா இருந்தாலும் அங்க தேறாது. உங்க பேரை எடுத்துட்டு தான் ரெஃபரிக்கு, அதாவது கட்டுரையை மதிப்பிடற நிபுணருக்கு, அனுப்புவாங்க, அதனால "என் முந்தைய பேப்பர்ல காட்டின மாதிரி"ன்னு எழுதி மாட்டிக்காதீங்க.

அங்க என்னென்ன வந்திருக்குன்னு பாத்தா கொஞ்சம் மலைப்பா தான் இருக்கும். 1955ல ஃபர்ஸ்டன்பர்க், அப்ப காலேஜ் படிக்கற பையன், பகா எண்கள் முடிவில்லாததுக்கு டோபாலஜி வச்சு ஒரு குட்டி நிரூபணம் போட்டாரு, பின்னாடி 2020ல ஏபெல் பரிசு வாங்கினவர் அவர் தான். 1962ல கேலும் ஷேப்லியும் காலேஜ் அட்மிஷன், கல்யாண ஜோடி பத்தி ஏழு பக்கம் எழுதினாங்க, ஃபார்முலான்னு சொல்ற மாதிரி எதுவும் கிடையாது, கடைசியில அவங்களே அதைச் சுட்டிக்காட்டி, சாதாரண பேச்சு மொழியில சொன்னாலும் இதுவும் கணிதம் தான்னு ஒரு குத்து குத்தியிருப்பாங்க. ஷேப்லிக்கு 2012ல பொருளாதார நோபல் கிடைச்சுது, கேல் அதுக்குள்ள காலமாயிட்டாரு. 1966ல மார்க் காக், டிரம்மோட சத்தத்தை வச்சே அதோட வடிவத்தைக் கண்டுபிடிக்க முடியுமான்னு கேட்டு எழுதின கட்டுரையும் அங்க தான் வந்துச்சு, அது ஒரு எக்ஸ்பொசிட்டரி கட்டுரை, கேள்விக்கு பதிலே 1992ல தான் வந்துச்சு, முடியாதுன்னு. விளக்கி எழுதறவன் ரிசர்ச் பண்ணத் தெரியாதவன்னு யாராவது ஆரம்பிச்சா நான் இந்தக் கட்டுரையைத் தான் எடுத்துக் காட்டுவேன்.

முழு கட்டுரை அளவுக்கு சரக்கு இல்ல, ஒரே ஒரு அழகான தந்திரம் தான் இருக்குன்னா மந்த்லில நோட்ஸ் பகுதி இருக்கு, அதுக்கு அனுப்புங்க. இருபது பக்கத்தை மூணு பக்கமா வெட்டினா உள்ள இருக்கற நல்ல ஐடியா தனியா வெளிய வரும், வெட்டும்போது வலிக்கும், பரவால்ல.

எம்ஏஏவோட மத்த பத்திரிகைங்களை மந்த்லிக்கு தம்பிங்கன்னு நெனச்சு "அங்க ரிஜெக்ட் ஆச்சுன்னா இங்க"ன்னு வரிசை போடறது ஒரு பழக்கம். அது வேலைக்காகாது. மேத்தமேட்டிக்ஸ் மேகஸினும் காலேஜ் மேத்தமேட்டிக்ஸ் ஜர்னலும் இளங்கலை பாடத்தைச் சுத்தி சுத்தியே வரும், மேத் ஹொரைசன்ஸ் இளங்கலை மாணவர் சும்மா கையில எடுத்து புரட்டறதுக்கு. பிரிட்டன்ல மேத்தமேட்டிகல் கெஸட், அதுவும் 1894 தான், 15லேர்ந்து 20 வயசு பசங்களுக்கு சொல்லிக் கொடுக்கறவங்களை மனசுல வச்சு நடக்குது, சின்ன சின்ன குறிப்புக்கு அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. சுவிட்சர்லாந்துலேர்ந்து வர்ற எலமென்டே டெர் மதமாட்டிக் 1946லேர்ந்து இருக்கு, ஜியோமெட்ரி, எண் கணிதம் மாதிரி அடிப்படை விஷயத்துல ஒரு சுவாரசியமான திருப்பம் இருந்தா அவங்களுக்குப் பிடிக்கும். இந்தியன் அகாடமி ஆஃப் சயன்சஸ் 1996லேர்ந்து நடத்துற ரெசனன்ஸ் கணிதத்துக்கு மட்டும் இல்ல, எல்லா சயின்ஸுக்கும், அதனால பிசிக்ஸ் படிக்கற மாணவரும் படிப்பார்னு நெனச்சு எழுதணும். கட்டுரையே வேண்டாம், நல்ல கணக்கு ஒண்ணு தான் கையில இருக்குன்னா பிராப்ளம் பகுதி இருக்கற பத்திரிகைக்கு அனுப்பலாம், ராமானுஜன் கூட 1911ல இந்தியன் மேத்தமேட்டிகல் சொசைட்டி ஜர்னல்ல வாசகர்களுக்குக் கேள்வி போட்டுத் தான் ஆரம்பிச்சாரு.

வரலாறு, கருத்து, கொஞ்சம் நக்கல் எல்லாம் கலந்த கட்டுரைன்னா மேத்தமேட்டிகல் இன்டெலிஜென்சர். அமெரிக்கன் மேத்தமேட்டிகல் சொசைட்டியோட (ஏஎம்எஸ்) நோட்டிசஸ் பத்திரிகையில "வாட் ஈஸ்"னு ஒரு பகுதி வரும், ஒரு கருத்தை ரெண்டு மூணு பக்கத்துல இன்னொரு துறைக்காரருக்கு சொல்லணும். படிக்க சுலபமா இருக்கே, எழுதறதும் சுலபம்னு நெனச்சுடாதீங்க. வரையறைக்கு முன்னாடி உதாரணம் வரணும், ஆனா உதாரணத்துக்கே ஒரு பக்கம் போயிடும், மிச்சம் இருக்கற இடத்துல ஏன் இது முக்கியம்னும் சொல்லணும். எழுதிப் பாத்தா தான் தெரியும்.

அடுத்தது பெரிய மனுஷங்க ஏரியா, ஒரு துறையையே மொத்தமா அலசற சர்வே கட்டுரைங்க வர்ற இடம். புல்லட்டின் ஆஃப் த ஏஎம்எஸ், ரஷ்யன் மேத்தமேட்டிகல் சர்வேஸ் (மூலம் உஸ்பெகி, 1936லேர்ந்து), 2014ல ஆரம்பிச்ச ஈஎம்எஸ் சர்வேஸ். அப்புறம் பாரிஸ்ல 1948லேர்ந்து நடக்கற பூர்பாகி செமினார், அதோட ஏற்பாடு எனக்கு ரொம்ப பிடிக்கும், பொதுவா ஒருத்தர் நிரூபிச்சதை இன்னொருத்தர் தான் வந்து விளக்கணும், அந்த உரை எழுத்தா அச்சுக்கும் போகும். நிரூபிச்சவரை விட விளக்க வந்தவர் நல்லா சொல்றது சகஜம், ஏன்னா எங்கெங்க தடுக்கும்னு அவருக்கு தான் இப்ப தான் தெரிஞ்சிருக்கும். ஆனா இதெல்லாம் பெரும்பாலும் கூப்பிட்டா தான், இல்லன்னா முன்கூட்டியே எடிட்டருக்கு மெயில் போட்டு கேட்டுக்கணும். 1893ல ஜெர்மன் கணித சங்கம் ஹில்பர்ட்டையும் மின்கோவ்ஸ்கியையும் எண் கணிதத்தைப் பத்தி ஒரு ரிப்போர்ட் எழுதித் தாங்கன்னு கேட்டுச்சு, மின்கோவ்ஸ்கி நழுவிட்டாரு, ஹில்பர்ட் மட்டும் தன் பங்கை 1897ல முடிச்சுக் கொடுத்தாரு. பேருக்கு ரிப்போர்ட். அடுத்த தலைமுறை அல்ஜிப்ரா எண் கணிதம் படிச்சதே அதை வச்சு தான்.

இப்ப என் உண்மையான ஆதங்கம். மேல சொன்ன ரெண்டு வகைக்கும் நடுவுல ஒரு பெரிய பள்ளம் இருக்கு. முதல் ரெண்டு வருஷம் பிஎச்டி பண்றவர் படிக்கற மாதிரி, முப்பதுலேர்ந்து அறுபது பக்கம், ஒரே ஒரு கஷ்டமான விஷயத்தை அடிலேர்ந்து நுனி வரைக்கும் விளக்கற கட்டுரை. மந்த்லிக்கு இது ரொம்ப நீளம், ரொம்ப ஸ்பெஷல். ரிசர்ச் ஜர்னலுக்கு இதுல புதுசு இல்ல. சர்வேஸுக்கு நீங்க யாருன்னு தெரியாது. புத்தகமா போடவும் பத்தாது. ஆனா உண்மையில ஒரு துறைக்குள்ள நுழையறவங்களுக்கு இதை விட உபயோகமான எழுத்து கிடையாது, நான் படிச்சு எதையாவது உருப்படியா கத்துக்கிட்டேன்னா அது இந்த மாதிரி நோட்ஸ்லேர்ந்து தான். ஒரு தடவை இந்த ரகத்துல ஒண்ணை ஒரு பத்திரிகைக்கு அனுப்பினேன், ரெண்டு ரெஃபரி ரிப்போர்ட் வந்துச்சு, முதலாமவர் "இது எல்லா நிபுணருக்கும் தெரிஞ்சது தான்"னு எழுதியிருந்தாரு, ரெண்டாமவர் "நிபுணர் இல்லாதவங்களுக்கு இது ரொம்ப கஷ்டம்"னு எழுதியிருந்தாரு, எடிட்டர் ரெண்டையும் ஒட்டி ரிஜெக்ட்னு அனுப்பிட்டாரு. ரெண்டு பேர் சொன்னதும் உண்மை தான், நடுவுல இருக்கற ஆளுக்காகத் தானே எழுதினதே! அந்த ஆளு தான் ரெஃபரியா வர மாட்டேங்கறாரு.

இந்தப் பள்ளத்துக்குள்ள இருக்கற சில மேடுங்க. எல்சேவியர் போடற எக்ஸ்போசிசியோனஸ் மாத்தமாட்டிகே பேருலயே எக்ஸ்பொசிஷன் இருக்கு, நீளத்துக்கும் பயப்படாது. லான்சேன்மான் மாத்தமாட்டிக், 1899ல லெசானும் ஃபேரும் ஆரம்பிச்சது, பேரு கணிதக் கல்வின்னாலும் இன்னிக்கு வர்றது பெரும்பாலும் ரிசர்ச் தான், ஆனா எழுத்து நல்லா இருக்கணும்னு எதிர்பாக்கற ரிசர்ச், எப்படி கணிதம் எழுதணும்னு ஹால்மோஸ் எழுதின புகழ்பெற்ற கட்டுரை 1970ல அங்க தான் வந்துச்சு. உங்க விளக்கத்துல சின்னதா ஒரு புது நிரூபணமோ, பழைய லெம்மாவுக்கு ஒரு சுருக்கு வழியோ இருந்தா அதை முன்னாடி இழுத்து வச்சு அனுப்பிப் பாக்கலாம். அடுத்தது கான்ஃபரன்ஸ், சம்மர் ஸ்கூல் தொகுப்புங்க, பலரும் இதைக் குப்பைன்னு ஒதுக்கறாங்க, எனக்கு உடன்பாடு இல்ல. டிமோதி சௌ, செட் தியரியில வர்ற ஃபோர்சிங்ங்கற கஷ்டமான நிரூபண முறையைப் பத்தி ஆரம்பநிலைக்காரருக்கு எழுதின கட்டுரை ஒரு தொகுப்புல தான் வந்துச்சு, தீராத ரிசர்ச் பிரச்சனை இருக்கற மாதிரி தீராத விளக்கப் பிரச்சனையும் இருக்கு, இன்னும் யாரும் சரியா விளக்காத விஷயமும் ஒரு ஓப்பன் பிராப்ளம் தான்னு அதுல சொல்றாரு. ஜெர்மனியில இருக்கற ஓபர்வோல்ஃபாக் கணித ஆராய்ச்சி நிலையத்துக்கு எப்பவாவது போனா அங்க ஸ்னாப்ஷாட்ஸ்னு ஒரு வரிசை இருக்கு, அங்க வர்றவங்க பொதுவாசகருக்கு எழுதற சின்ன கட்டுரை, எடிட் பண்ணியும் கொடுப்பாங்க.

ஆர்கைவ் பத்தி. போடுங்க, கண்டிப்பா போடுங்க, நிரந்தரமா ஒரு நம்பர் கிடைக்கும், யாரும் மேற்கோள் காட்டலாம். ஆனா ஹிஸ்டரி அண்ட் ஓவர்வியூ பிரிவுல மட்டும் போட்டீங்கன்னா கிணத்துல போட்ட கல்லு தான். எண் கணிதக் கட்டுரையா, எண் கணிதத்தை முதல் பிரிவா போட்டு, ஹிஸ்டரி அண்ட் ஓவர்வியூவை ரெண்டாவதா சேருங்க. மாடரேட்டர் மாத்தினா மாத்தட்டும். புதுசா போடறவங்களுக்கு எண்டார்ஸ்மென்ட், அதாவது ஏற்கனவே அங்க போட்டிருக்கற ஒருத்தரோட ஒப்புதல், கேக்கும், அதுக்கு கடைசி நாள் வரைக்கும் காத்திருக்காதீங்க. சொந்தப் பக்கத்துல வச்சுக்கறதும் கேவலம் இல்ல. ஹாட்சரோட அல்ஜிப்ராயிக் டோபாலஜிங்கற பாடப்புத்தகம் அவர் பக்கத்துல இலவசமாவே இருக்கு, கேம்ப்ரிட்ஜ் 2002ல அச்சும் போட்டுச்சு, ரெண்டும் ஒண்ணா நிம்மதியா இருக்கு. எழுத்தே வேண்டாம், படமா சொல்லலாம்னு தோணினா 2021ல 3ப்ளூ1ப்ரௌன்ங்கற கணித யூட்யூப் சேனல் ஆரம்பிச்சு வச்ச சம்மர் ஆஃப் மேத் எக்ஸ்பொசிஷன் போட்டியில வந்ததெல்லாம் ஒரு தடவை பாருங்க, காத்தாடி மாதிரி விஷயத்துக்கு வீடியோ தான் சரி.

இதெல்லாம் வேலைக்கு உதவுமான்னு கேட்டா, கொஞ்சம் தான். எக்ஸ்பொசிஷனுக்கு சோவனே பரிசு 1925லேர்ந்து கொடுக்கறாங்க, ஸ்டீல் பரிசுல எக்ஸ்பொசிஷனுக்குன்னே தனி பிரிவு இருக்கு, புல்லட்டின்லயும் நோட்டிசஸ்லயும் வர்ற கட்டுரைக்கு கோனன்ட் பரிசு இருக்கு, வாங்கினவங்க லிஸ்ட் பாத்தா பெரிய பெரிய ஆளுங்க. ஆனா வேலைக்கு எடுக்கற கமிட்டி பயோடேட்டாவுல முதல்ல எண்ணறது ரிசர்ச் பேப்பரைத் தான். நிரந்தர வேலை இல்லாதவங்க கிட்ட "எக்ஸ்பொசிஷன் எழுது, மனசுக்கு நல்லது"ன்னு அட்வைஸ் பண்றது எனக்கு நியாயமா படல. வருஷத்துக்கு ஒரு குட்டி நோட், அது போதும், ரெஃபரி பாத்து வந்தா பயோடேட்டாவுல தனித் தலைப்புல போட்டுக்கலாம்.

"மதிப்பிற்குரிய பேராசிரியர் அவர்களே, உங்கள் அருமையான கட்டுரையைக் கண்டோம்"னு ஆரம்பிக்கற மெயிலை நேரா டெலீட் பண்ணுங்க, அது காசு வாங்கிட்டு எதையும் போடற போலிப் பத்திரிகைங்க வேலை. நான் மேல சொன்ன சங்கப் பத்திரிகைங்க எதுவும் கட்டுரையை ஏத்துக்கறதுக்குக் காசு கேக்காது, ஓப்பன் ஆக்சஸ் வேணும்னு நீங்களா தேர்ந்தெடுத்தா அது தனிக் கதை.

கவர் லெட்டர்ல நாலு வரி போதும். யார் படிக்க எழுதினது, அவங்களுக்கு ஏற்கனவே என்ன தெரிஞ்சிருக்கணும், இதே விஷயத்துக்கு இப்ப இருக்கற நல்ல விளக்கம் எது, அதுலேர்ந்து உங்களுது எந்த இடத்துல வித்தியாசப்படுது. கடைசி பாயின்ட்டை நைசா விட்டுடறவங்க தான் ஜாஸ்தி, ரெஃபரி முதல்ல தேடறதும் அதைத் தான். அப்புறம் ஆர்கைவ்ல ஏத்தும்போது லைசன்ஸ் பட்டனை யோசிக்காம அமுக்காதீங்க, ஒரு தடவை கொடுத்தா திரும்ப வாங்க முடியாது, பின்னாடி காப்பிரைட்டை எழுதி வாங்கற ஜர்னலுக்குப் போனா சிக்கல் வரலாம். எந்தப் பத்திரிகைன்னு இன்னும் முடிவு பண்ணலைன்னா ஆர்கைவோட சாதாரண லைசன்ஸையே வச்சுக்கோங்க.

முப்பது அறுபது பக்க ரகத்துக்கு நான் விட்டுட்ட பத்திரிகை ஏதாவது உங்களுக்குத் தெரிஞ்சா சொல்லுங்க. அந்த ரகத்துல நான் எழுதினது ஒண்ணு இன்னும் கையில தான் இருக்கு.